குரூப் 4 முடித்தவர் நீதித்துறையைத் தேர்ந்தெடுக்கலாமா? கடலூர் நீதிமன்றங்களில் எழுத்தர் பணி பற்றி

குறிஞ்சிப்பாடியைச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. குரூப் 4 தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறார். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முதுநிலை முடித்திருக்கிறார். வருவாய்த் துறை, நீதித்துறை இரண்டுமே கிடைக்கும் நிலையில், "கோர்ட்டுக்கு மட்டும் போகாதே, ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிடுவார்கள், வேலையும் புரியாது" என்று வீட்டார் சொல்கிறார்களாம். நீதிமன்றத்தில் எழுத்தர் உண்மையில் என்ன செய்கிறார், அந்த வேலைக்குப் போகலாமா என்பது அவர் கேள்வி. கடலூர் மாவட்ட நீதிமன்றங்களில் பல பிரிவுகளில் வேலை பார்த்து, சிரஸ்ததாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமைப் பணியாளராக) ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

போகலாம் என்பதே என் பதில். ஆனால் மற்ற அரசு அலுவலகங்களுக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை முதலிலேயே தெரிந்துகொண்டு போக வேண்டும். இங்கே நீங்கள் எழுதும் ஒரு தேதி, வைக்கும் ஒரு முத்திரை, வழக்குக் கட்டில் சேர்க்கும் ஒரு தாள் ஆகியவை நேராக ஒருவருடைய நிலத்தையோ சுதந்திரத்தையோ தொடுகின்றன. தீர்ப்பு நீதிபதியுடையது, அந்தத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் வழக்காடும் கட்சிக்காரர் நம்பியிருப்பது எழுத்தரின் கையெழுத்தை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் 'கோர்ட் குமாஸ்தா' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருபவர் வக்கீல் குமாஸ்தாதான். அவர் வழக்கறிஞரிடம் வேலை பார்ப்பவர். மனு தாக்கல் செய்வது, வாய்தா குறிப்பது, நகலுக்கு அலைவது எல்லாம் அவர் வேலை. நீங்கள் சேரப்போவது நீதிமன்றத்தின் சொந்தப் பணியாளராக, தமிழ்நாடு நீதி அமைச்சுப் பணியில், இளநிலை உதவியாளராகவோ தட்டச்சராகவோ. இரண்டு பதவிகளுக்கும் ஊதிய நிலை 8, அதாவது 19,500 ரூபாயில் தொடங்கும் விகிதம். நகல் பரிசோதகர், நகல் வாசிப்பாளர், கட்டளைப் பணியாளர் போன்ற வேறு சில பதவிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே நேரடியாக ஆள் எடுக்கிறது. 2021, 2024 ஆண்டுகளில் அப்படி அறிவிப்புகள் வந்தன.

கடலூர் மாவட்டத்தில் மஞ்சக்குப்பத்தில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகம்தான் தலைமை. பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், விருத்தாசலம், திட்டக்குடி, காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களிலும் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மாவட்டம் ஓர் அலகு. உங்கள் மாறுதல்கள் பெரும்பாலும் இந்த ஊர்களுக்குள்ளேயே நடக்கும். குறிஞ்சிப்பாடியில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவருக்கு இது சாதாரண வசதியல்ல.

இனி வேலை. உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு பிறக்கும் இடம் தாக்கல் பிரிவு. வழக்குரையோடு வக்காலத்து இருக்கிறதா, ஆவணப் பட்டியலும் ஆவணங்களும் ஒத்துப்போகின்றனவா, சொத்து விவரத்தில் நான்கெல்லை சரியாக இருக்கிறதா, நீதிமன்றக் கட்டணம் போதுமா என்று பார்த்து, குறை இருந்தால் திருப்ப வேண்டும். சரியாக இருந்தால் வழக்குக்கு நம்பர் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் அதிகம் வரும் பாகப்பிரிவினை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வாதி தானும் கூட்டாகச் சொத்தை அனுபவித்து வருவதாகச் சொன்னால், 1955-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி நிர்ணயிக்கப்பட்ட சிறு கட்டணம் போதும். அனுபவத்திலிருந்து தன்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று சொன்னால், 37(1)-இன்படி அவருடைய பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்; 2017 திருத்தத்துக்குப் பிறகு அது நூற்றுக்கு 3 ரூபாய். ஆகவே வழக்குரையின் உள்ளே எங்கோ ஒரு பத்தியில் இருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைத் தேடிப் படிக்காமல் கட்டணம் சரியா என்று சொல்ல முடியாது. வேலை புரியாது என்று உங்கள் வீட்டார் சொல்வது இதைத்தான். முதல் ஆறு மாதம் புரியாது, பிறகு புரியும், புரிந்த பின் அலுக்காது.

திருப்புவதில் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் எழுதித் திருப்ப வேண்டும். ஒரு குறையை இன்று, இன்னொன்றை அடுத்த வாரம் என்று பிரித்து எழுதித் திருப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தடையாணை கேட்டு வந்தவருக்கு அந்த இடைவெளியில் எதிராளி வேலி போட்டுவிடுவார். அதைச் செய்யாதீர்கள்.

நீதிமன்றக் கூடத்துக்குள், நீதிபதியின் இருக்கைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் பெஞ்ச் கிளார்க். அன்றைய வழக்குப் பட்டியலின்படி கட்டுகளை அடுக்கி வைத்து, கூடத்தில் நிற்கும் உதவியாளரான டவாலி பெயர் கூப்பிட்டதும் உரிய கட்டை நீதிபதியிடம் நகர்த்தி, உத்தரவைக் குறித்து, அடுத்த வாய்தாவை நாட்குறிப்பில் ஏற்றுவது அவர் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் காகிதம் எடுத்துக் கொடுப்பவராகத் தெரிவார். சாட்சி விசாரணை நாளில் அவரைக் கவனிக்க வேண்டும். வாதி ஒரு கிரயப் பத்திரத்தை நீட்டுகிறார். எதிர்த் தரப்பு ஆட்சேபிக்கவில்லை. நீதிபதி அதை ஏற்கிறார். அந்தக் கணத்தில் பத்திரத்தின் பின்புறத்தில் வழக்கு எண்ணும் தலைப்பும், தாக்கல் செய்தவர் பெயரும், தாக்கலான தேதியும், சான்றாவணமாக ஏற்கப்பட்டது என்ற குறிப்பும் எழுதப்பட்டு நீதிபதியின் கையொப்பம் பெறப்பட வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் கட்டளை, 4-ஆம் விதி இதைக் கட்டாயமாக்குகிறது. வாதி தரப்பு ஆவணங்களுக்கு 'ஏ' வரிசை, பிரதிவாதி தரப்புக்கு 'பி' வரிசை. பத்துப் பதினைந்து ஆவணங்கள் ஒரே மூச்சில் குறியீடு செய்யப்படும்போது ஏ7-உம் ஏ8-உம் இடம் மாறினால், தீர்ப்பில் "ஏ8 பட்டாவின்படி" என்று வரும் இடத்தில் கட்டில் ஒரு கடன் பத்திரம் இருக்கும். ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் அந்தக் கட்டைத் திறக்கும் நீதிபதிக்கு உங்களைத் தெரியாது; கட்டில் உள்ளதை மட்டுமே அவர் நம்ப முடியும்.

சாட்சியம் தமிழில் பதிவாகும் நீதிமன்றங்கள் இவை என்பதால், நீங்கள் தட்டச்சராகப் போனால் உங்கள் தமிழ் இங்கே உண்மையாகவே பயன்படும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் பேசுவதும், தாழங்குடா மீனவர் பேசுவதும் ஒரே தமிழ் அல்ல. சாட்சி சொன்னதைக் கேட்டு நீதிபதி சொல்லச் சொல்ல நீங்கள் அடிப்பீர்கள். "இருக்கலாம்" என்பது "இருக்கிறது" ஆகிவிட்டால் பொருள் மாறிவிடும். சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்கலாம். நல்ல நீதிபதிகள் அதற்காகக் கோபிப்பதில்லை.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது, வெளியே யாரும் பேசாத நகல் பிரிவு. வழக்கில் தோற்றவர் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றால் தீர்ப்புரை, அதன் முடிவை முறைப்படி எழுதிய தீர்ப்பாணை ஆகிய இரண்டின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு என்றால் காலவரம்பு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காலம் எவ்வளவு என்பதற்கு ஆதாரம் எது? நகலின் கடைசிப் பக்கத்தில் எழுத்தர் எழுதும் தேதிகள்தாம்: மனு கொடுத்த நாள், நகல் எடுப்பதற்கான முத்திரைத்தாள் கேட்டு அழைத்த நாள், அது கட்டப்பட்ட நாள், நகல் தயாரான நாள், கொடுக்கப்பட்ட நாள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஜூன் 3-இல் தீர்ப்பு. ஜூன் 5-இல் நகல் மனு. ஜூன் 20-இல் முத்திரைத்தாள் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுகிறீர்கள். ஜூன் 23-இல் கட்சிக்காரர் கட்டுகிறார். ஜூலை 8-இல் நகல் தயார். நகல் தயாராவதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாட்கள் கழியும்; அழைத்த பிறகும் கட்டாமல் விட்ட நாட்கள் அவர் தலையில் விழும். ஜூன் 23 என்பதை நீங்கள் 28 என்று எழுதிவிட்டால் அவருடைய மேல்முறையீடு அந்த ஐந்து நாளில் காலம் கடந்ததாகிவிடலாம். பிறகு தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, அதற்கு எதிருரை, அதற்குச் சில வாய்தாக்கள் என்று ஒரு குடும்பம் உங்கள் பேனாவின் பின்னால் அலையும். அதேபோல், முத்திரைத்தாள் அழைப்புப் பட்டியலைப் பலகையில் ஒட்டாமல் மேசையில் வைத்துக்கொண்டு, ஒட்டியதாகத் தேதி போடுவது மிகப் பெரிய தவறு. கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வருபவர் அந்தப் பலகையைத்தான் பார்க்கிறார்.

இன்னொன்றும் இதில் உண்டு. நகல் மனு போடுவதற்கு முன்பு தீர்ப்பாணை தயாரிக்க அலுவலகம் எடுத்துக்கொண்ட காலம் கழியாது என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. தீர்ப்பாணை தயாராகட்டும், பிறகு மனு போடலாம் என்று காத்திருக்கும் கட்சிக்காரர்கள் இதனால் நாட்களை இழக்கிறார்கள். எந்த வழக்கிலும் நீங்கள் ஆலோசனை சொல்லக் கூடாது. ஆனால் "நகல் மனுவை இன்றே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வது ஆலோசனை அல்ல, அலுவலக நடைமுறையைத் தெரிவிப்பது. அதைச் சொல்ல ஒருபோதும் தயங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுவதும் இல்லை. உரிமையியல் நீதிமன்றங்களில் விடுமுறை நாளில் வேலை அரிது. மே மாதக் கோடை விடுமுறையும் அவற்றுக்கு உண்டு. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களின் நிலை வேறு. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பே சொல்வதால், காவலுக்கு அனுப்பும் வேலைக்குப் பொங்கல், தீபாவளி என்ற வேறுபாடு இல்லை. முறைவைத்து ஆட்கள் வருவார்கள். உங்கள் முறை வரும்போது நீங்களும் போக வேண்டியிருக்கும். சிறு குழந்தை உள்ள பெண்களுக்கு இது கடினம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அலுவலகத் தலைமை நல்லபடி அமைந்தால் முறைகளை மாற்றிக்கொள்ளலாம். அமையாவிட்டால் சில ஆண்டுகள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த நடுவர் நீதிமன்றத்தில்தான் எழுத்தர் கைக்கு மிகக் கூர்மையான பொறுப்பு வருகிறது. காவலில் இருப்பவர்மீது 60 நாளுக்குள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறை, ஆயுள், மரணம் ஆகிய தண்டனைகளுக்குரிய குற்றங்களில் 90 நாளுக்குள், காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் அவருக்குப் பிணையில் வெளிவரும் உரிமை பிறக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவு இது. பழைய சட்டத்தில் 167(2). காவலுக்கு அனுப்பிய முதல் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. ஆக, 60-ஆவது நாள் மாலையில் குற்றப்பத்திரிகை வந்ததா, 61-ஆவது நாள் காலையில் வந்ததா என்பதில் ஒருவருடைய விடுதலை அடங்கியிருக்கிறது. அந்தக் காகிதத்தின்மேல் வரவு முத்திரை குத்தித் தேதி போடுபவர் நீங்கள். "நேற்றுத் தேதி போட்டுக்கொள்ளுங்கள்" என்று சீருடையில் வந்து கேட்பவர்களும் இருப்பார்கள். வந்த தேதியை மட்டுமே போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். உடனே நடுவரின் பார்வைக்கு வைத்துவிட்டால் பிறகு உங்களை யாரும் வற்புறுத்த முடியாது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு. அதனால் இங்கே மதுவிலக்குச் சட்ட வழக்குகளுக்குப் பஞ்சமில்லை. பிடிபட்ட பாட்டில்கள், கத்தி, செல்போன், இரத்தக் கறை படிந்த துணி, சில சமயம் தாலிச் சங்கிலி, எல்லாம் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்துக்கு வந்து ஒரு பதிவேட்டில் எண் பெறுகின்றன. சொத்துப் பிரிவை ஏற்கும்போது பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்து, நகையாக இருந்தால் எடை போட்டுப் பார்த்த பிறகே பொறுப்பேற்றுக் கையெழுத்திடுங்கள். முன்பிருந்தவர் மூத்தவர், நல்லவர், கேட்டால் வருத்தப்படுவார் என்ற கூச்சம் இந்த ஓர் இடத்தில் வேண்டாம். பொருள் குறைந்தால் கேள்வி கையெழுத்துப் போட்டவரை நோக்கித்தான் வரும்.

நாசர் பிரிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்பாணைகள், நீதிமன்ற உத்தரவுகளை நேரில் போய் நிறைவேற்றும் அமீனாக்கள், நீதிமன்றப் பணம் ஆகியவை அங்கே இருக்கின்றன. பிரதிவாதி அழைப்பாணையை வாங்க மறுத்தால், கொண்டுபோன பணியாளர் அதை வீட்டுக் கதவில் ஒட்டலாம். ஆனால் எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டினார் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். இந்த விவரம் இல்லாத அறிக்கையைப் பெற்றுக்கொண்டால், பின்னாளில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவில் முழு வழக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

கணினி வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டம் இப்போது மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாள எண் உண்டு, கட்சிக்காரர் கைபேசியிலேயே வாய்தாவைப் பார்த்துக்கொள்கிறார். இது பெரிய நன்மை, ஐயமில்லை. ஆனால் முன்பு நாட்குறிப்பில் தவறாக எழுதிய தேதி அந்த அறைக்குள் திருத்தப்பட்டது. இப்போது தவறாக ஏற்றிய தேதியை நம்பி ஒருவர் வராமலே இருந்துவிடுவார், அவர்மீது பிடியாணை பிறந்துவிடும். அன்றைய பதிவுகளை அன்றே, கூடத்தில் எழுதப்பட்ட குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கணினி வந்துவிட்டது என்பதற்காகக் காகிதக் கட்டுகளை அலட்சியம் செய்யவும் முடியாது. 2011-இல் தானே புயலும் 2015-இல் பெருவெள்ளமும் கண்ட ஊர் இது. ஆவண அறையில் கட்டுகளைத் தரையில் வைப்பதில்லை என்பதை ஒரு விதியாகவே கொள்ள வேண்டும்.

பணம் பற்றியும் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. நகலை விரைவாகத் தர, கட்டைத் தேடி எடுக்க, வழக்குக்கு நம்பர் கொடுக்க என்று யாராவது நோட்டை நீட்டுவார். முதல் முறை தேநீர்ச் செலவு என்று சொல்வார். கொடுப்பவர் பெரும்பாலும் கெட்டவர் அல்ல. கொடுத்தால்தான் நடக்கும் என்று அவருக்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். விபத்தில் கணவரை இழந்து, இழப்பீட்டுத் தொகைக்காகப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணிடமும் அந்தப் பழக்கம் கை நீட்டுகிறது என்பதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. அவருக்குக் கிடைக்க வேண்டியது, எந்த மனு, எந்த நாள், பிள்ளையின் பங்கு வயது வரும்வரை வங்கி வைப்பில் இருக்கும் என்ற மூன்று வாக்கியத் தகவல். அதை உட்கார வைத்துச் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. முதல் நாளில் வாங்காதவரிடம் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு யாரும் நீட்டுவதில்லை. இது நான் பார்த்த உண்மை.

பாகூர், அரியாங்குப்பம் பக்கத்திலிருந்தும் சிலர் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. புதுச்சேரி நீதிமன்றங்களும் 1962 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பணி நியமனம் தனி, குரூப் 4 வழியாக அங்கே போக முடியாது. கடலூர் சாலையில் உள்ள அந்த வளாகத்தில் நிகழும் சொத்து வழக்குகளில் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள் இன்னும் தலைகாட்டும் என்பதால், பிரெஞ்சு ஓரளவு படிக்கத் தெரிந்த எழுத்தருக்கு அங்கே தனி மதிப்பு உண்டு.

கலந்தாய்வில் நீதித்துறையை எடுத்தால், சேர்ந்தவுடன் கணினிப் பிரிவிலோ நிர்வாகப் பிரிவிலோ ஒதுங்கிக்கொள்ளாமல், தாக்கல் பிரிவு அல்லது நகல் பிரிவு கேளுங்கள். வழக்கின் உடம்பு முழுவதும் அங்கேதான் பழகும். உரிமையியல், குற்றவியல் துறைத் தேர்வுகளைத் தள்ளிப்போடாமல் எழுதுங்கள்; பதவி உயர்வு அவற்றில்தான் நிற்கிறது. உரிமையியல் நடைமுறை விதிகளின் தமிழ்நாட்டுப் பதிப்பு ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகப் பிரதி எப்போதும் யாரிடமாவது இருக்கும். வளாகத்தில் பல காலமாக நடமாடும் வக்கீல் குமாஸ்தாக்களை மரியாதையாக நடத்துங்கள். எந்தக் கட்டு எங்கே இருக்கும், எந்த மனுவுக்கு எந்தப் படிவம் என்பதை அவர்களைப் போல் சொல்லித் தருபவர் இல்லை. ஆனால் கட்டை அவர்கள் கையில் கொடுத்துத் தேடச் சொல்லாதீர்கள். எடுப்பதும் திரும்ப வைப்பதும் உங்கள் கையாலேயே நடக்கட்டும். சிதம்பரம், கடலூர் இரண்டும் உங்களுக்குத் தொலைவில் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், கடலூரைக் கேளுங்கள். எல்லா வகை நீதிமன்றங்களும் ஒரே வளாகத்தில் இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பல பிரிவுகளைப் பார்த்துவிடலாம்.